தக்கவைப்புப் பெருவிழா

அரசு வழக்கறிஞர்களை வழியனுப்பத் தெரிந்த நாடுகள் உலகில் ஏராளம். அவர்களைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் கலையை மானுடத்துக்கு வழங்கிய பெருமை மட்டும் கானாவின் கடலோரத்தில் இருந்த அந்த ஒரே ஒரு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தையே சேரும்.

அங்கே ஏழு மேசைகள். ஆறு காலி. ஏழாவதில் அராபா குவான்சா இருந்தாள். மற்ற ஆறு பேரும் தனியார் தொழிலுக்குப் போய் 'நாட்டுச் சேவையை விரிவுபடுத்தி'க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வழியனுப்பு விழாவில் ஆட்டுக்கறி, ஜொல்லோஃப் சோறு, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். போனவருக்குப் பத்திரம், இருந்தவளுக்குப் போனவரின் கோப்புகள். நிர்வாகம் யாருக்கும் குறை வைக்கவில்லை.

ஒருநாள் இயக்குநர் டெய்லர்-குவாய்சன் அவளை அழைத்தார்.

"சிஸ்டர், நீங்களும் போயிட்டா நான் யாருக்கு இயக்குநர்? அதான் உங்களைத் தக்கவைக்க ஒரு குழு போட்டிருக்கேன். வியாழக்கிழமை காலையில பெருவிழா!"

"விழா வேண்டாம் ஸார். ஒரு குமாஸ்தா, சாட்சிகளைக் கூட்டிவர வண்டிக்கு பெட்ரோல். இது போதும்."

"அதெல்லாம் அற்ப விஷயம். குழு அற்பத்தைப் பரிசீலிக்காது."

"வியாழக்கிழமைதான் ஸார் மாமே எசுன் கேஸ். இனிமே வாய்தாவே கிடையாதுன்னு ஜட்ஜ் கறாரா சொல்லிட்டார்."

"கேஸ் எங்கம்மா ஓடிப்போகப் போகுது? ஆளுங்கதான் ஓடுறாங்க!"

மாமே எசுன் மீன் புகைபோட்டு விற்பவள். படகு எரிபொருளைப் பதுக்கிய கோபினா டாட்ஸியைச் சந்தையில் நாலு பேர் கேட்கக் குத்திக்காட்டினாள். அன்றைக்கே அவளுடைய புகையடுப்புகளும் கொட்டகையும் எரிந்தன. தீ வைத்தது அவன்தான் என்பது வழக்கு. அரசுத் தரப்பில் ஆள் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லி, அவளுக்கே சட்டம் பாதி வந்துவிட்டது.

"இந்தத் தடவை நான் நிப்பேன், மாமே" என்று அராபா வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எல்லாரும் நிக்கிறேன்னுதான் சொன்னாங்க மேடம். இப்ப அவங்க நிக்கிறது எதிர்ப்பக்கம்!"

வியாழனன்று அராபா தன் அங்கியையும் வெள்ளை டோப்பாவையும் பையில் போட்டு நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டு விழாவில் உட்கார்ந்தாள். நீதிமன்றம் எதிர்த்தெருவில்தான். பாதியில் நழுவிவிடலாம் என்று கணக்கு. ஆனால் தொடக்க ஜெபம் லேசில் முடியவில்லை. முடிந்ததும் மேடைப் பிரமுகர்களின் அறிமுகம். பிறகு, அறிமுகம் செய்தவருக்கு ஓர் அறிமுகம். தக்கவைப்புக் குழுத் தலைவர் எழுந்து, தக்கவைப்பின் தேவை பற்றி ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டிருக்கும் நற்செய்தியை அறிவித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அராபாவின் தோளில் கெண்டே சால்வை விழுந்தது.

இதுதான் சமயம் என்று அவள் நாற்காலிக்கடியில் கையை விட்டாள். பையைக் காணோம்!

"அன்பர்களே!" என்று இயக்குநர் திரையை இழுத்தார். பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய அங்கி இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. மேலே டோப்பா. நாலு பக்கமும் ஆணி. "இவரது தியாகத்தின் சின்னம்! இனி இவர் எங்கேயும் போக முடியாது!"

"அடப் பாவிகளா!" என்று அராபா வாய்விட்டே சொன்னாள். பாண்டு வாத்தியத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சட்டத்தை அப்படியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். "சிஸ்டர், குரூப் போட்டோ!" என்று இயக்குநர் பின்னாலேயே கத்தினார்.

நீதிமன்றத்தில் டாட்ஸிக்காக ஈக்கோ ஆர்ஹின் நின்றுகொண்டிருந்தார். முன்பு ஐந்தாவது மேசையில் இருந்தவர்.

"அரசுத் தரப்பு எங்கே?" என்றார் நீதிபதி.

"எதிர்த்தெருவில், மைலார்ட். தக்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் ஆர்ஹின்.

"வந்துட்டேன், மைலார்ட்!" என்று அராபா மூச்சிரைக்க நுழைந்தாள்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அங்கி இல்லாத வக்கீல் அந்த மன்றத்தின் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் பார்வை.

"குரல் கேட்கிறது. ஆளைக் காணோமே."

"அங்கி இதோ இருக்கு, மைலார்ட்!" சட்டத்தை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"அங்கி தெரிகிறது. அதற்குள்தான் ஆள் இல்லை."

"என் அங்கியைத் தந்து உதவலாம், மைலார்ட்" என்றார் ஆர்ஹின் மிகுந்த பணிவோடு. "ஆனால் அப்புறம் நான் மறைந்துவிடுவேனே!"

நீதிபதியே சிரித்துவிட்டார். சிரித்தபடியே எழுதினார். அரசுத் தரப்பில் யாரும் தோன்றாததால் வழக்கு தள்ளுபடி, டாட்ஸி விடுதலை.

டாட்ஸி போகிற போக்கில் அராபாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள் மேடம், விருது வாங்கினீங்களாமே!" என்றான்.

வாசற்படியில் மாமே எசுன் உட்கார்ந்திருந்தாள். அராபா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர்த்தெருவில் கேக் வெட்டும் கரகோஷம் கேட்டது.

மாமே எசுன் தன் துணி முனையால் சட்டத்தின் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"நல்லா கெட்டியாத்தான் ஆணி அடிச்சிருக்காங்க மேடம்" என்றாள். "உங்களைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அவனை விட்டுட்டாங்க."