மகளுக்குப் பின்னால் வரும் அன்டனா

கண்டக்குழி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் ஸப்வான் அவர்களுக்கு (மருமகன் என்று எழுதியது அவசரமாகப் பட்டால் தம்பி என்று வாசித்துக்கொள்ளவும்),

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் மனைவி றுக்கியாவும் மகள் றிஸ்மினாவும் கோழிகளும் நலம். கொழும்பில் நீங்களும், முழங்கால் வலியோடு உங்கள் உம்மாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற மனிசனுக்குப் பைத்தியமா என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்குள் போன் வேலை செய்வதில்லை. காரணம் நீங்கள்தான். கோபிக்காமல் கேளுங்கோ.

கலியாணப் பேச்சுத் தொடங்கிய கிழமை, "மாமா, உங்கட ஊர் டவர்ல புது அன்டனா பூட்டினது எங்கட போன் கம்பெனிதான். பழையது எல்லாப் பக்கமும் சும்மா வீசும். இதில நிறையச் சின்ன அன்டனா சேர்ந்து வேலை செய்யும். ஒவ்வொரு போனும் எங்க இருக்கெண்டு பார்த்து, அலைய அந்தப் பக்கமே திருப்பும். ஆள் நடந்தா கூடவே வரும்" என்று எனக்கு விளக்கினீர்கள். இப்படிப் படித்த மாப்பிள்ளையா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெருமையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அப்படியே றுக்கியாவிடம் ஒப்புவித்தேன். அவ அகப்பையைக் கீழே வைத்தா. "என்ன கதை இது? குமர்ப்புள்ள குசினிக்குப் போனா குசினிக்கு, கிணத்தடிக்குப் போனா கிணத்தடிக்கு, பின்னாலேயே வருதா? நிக்காஹ்வும் முடியல்ல, தேதியும் வைக்கல்ல, மாப்பிள்ளைட அன்டனாவுக்கு எங்கட வீட்டுக்குள்ள என்ன வேலை?"

அது வெறும் அலை, அதுக்குக் கண் இல்லை என்றேன். "கண்ணில்லாமத்தான் ஆள் இருக்கிற இடம் பாக்குதாக்கும்!" என்றா. அன்றைக்கே நான் கருவாடு போடுகிற கொட்டிலான வாடியின் கூரைத் தகரத்தைக் கழற்ற வைத்து, டவர் தெரிகிற பக்கம் முழுக்க, சன்னல்கூட விடாமல், அடிக்கச் செய்தா. மிஞ்சிய தகரத்தைப் பின்னுக்குக் கோழிக்கூட்டில் சாய்த்து வைத்தேன். வீடு இப்போது பிஸ்கட் டின் மாதிரி இருக்கு. கச்சான் காற்றுக்குத் தகரம் போடுகிற சத்தத்தில் தொழும்போது எத்தனையாவது ரக்அத் என்றே மறந்துபோகுது. கூரையில்லாத வாடியில் என் கருவாட்டைக் காகங்கள் சொந்தபந்தத்தோடு வந்து சாப்பிடுதுகள்.

அதெல்லாம் போகட்டும். பெண்ணைப் பார்க்க உங்கள் உம்மா வீடியோவில் கோல் எடுத்தா. நான் சலாம் சொல்ல வாயைத் திறந்த இடத்திலேயே படம் நின்றுபோச்சு. என் கடைவாய்ப் பல்லை அவ மரியாதைக்காக எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாவோ! மறுபடி எடுத்தபோதும் அதே பல். றிஸ்மினா புது உடுப்போடு காத்திருந்ததுதான் மிச்சம். போன திங்கட்கிழமை தரகர் செய்னுலாப்தீன் காக்கா வந்து, "பொண்ணைக் காட்டாம மறைக்கிறீங்களாம், புள்ளையில ஏதோ குறையெண்டு உம்மாக்காரி சந்தேகப்படுறா, வேற இடம் பாக்கச் சொல்லிட்டா" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். தம்பி, என்ட புள்ளையில ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என்ட வாயிலதான். எங்களுக்கு ஒரே புள்ள.

ஆகவே தாழ்மையுடன் கேட்பது: அந்த அன்டனாவைக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மட்டும் வரட்டும். முன்வாசலால் வரட்டும். விறாந்தையோடு நிற்கட்டும், குசினிப் பக்கம் வேண்டாம். நீங்கள் வாக்குத் தந்தால் தகரத்தைக் கழற்ற றுக்கியா சம்மதம். உங்கள் உம்மாவுக்கு எங்கள் சலாம். உங்கள் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தகரத்துக்குள்ளிருந்து,
அ. லத்தீப்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் வீண். கடித உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் குசினிக்குப் போனால், பின் சன்னலடியில் றிஸ்மினா போனைச் சாய்த்து வைத்துவிட்டு, உங்கள் உம்மாவுக்கு வட்டிலப்பம் செய்து காட்டிக்கொண்டு நிற்கிறாள்! தரகர் வந்து போன நாளிலிருந்து தினமும் கதைக்கிறார்களாம். தேதி வைக்க உம்மா வெள்ளிக்கிழமை வருகிறாவாம். "நேரா வர வழியில்லாட்டி அன்டனா வேற வழி தேடுமாம் வாப்பா. கோழிக்கூட்டுத் தகரத்தில பட்டுத் தெறிச்சு உள்ள வருதெண்டு அவர்தான் சொன்னார்" என்கிறாள். அவராம்! போனைப் பறிக்கப் போன றுக்கியா, "மதினி, முழங்காலுக்கு என்ன எண்ணெய் பூசுறீங்க?" என்று தொடங்கி இன்னும் முடிக்கவில்லை. நான் முன்பக்கத் தகரத்தைக் கழற்றப் போகிறேன். கோழிக்கூட்டுத் தகரத்தில் மட்டும் கைவைக்கக் கூடாதாம், மகளின் உத்தரவு. உறையில் முத்திரை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். மேலே தம்பி என்று வாசித்திருந்தால், தயவுசெய்து திரும்பப் போய் மருமகன் என்றே வாசிக்கவும்.