நாற்பத்தொன்றாவது இடம்

"என் கணக்கு வரிசையில ஏழாவதா நின்னுச்சுப்பா. இப்ப நாப்பத்தொண்ணுக்குப் போயிருச்சு!" ஜோதிமணி அழாத குறை.

மைசூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் அறைக்குத் தொட்டையன் வாட்ச்மேன். மகள் அங்கேயே ஆராய்ச்சி மாணவி. அவள் கணக்கை அந்த இயந்திரம் போட்டு விடை தந்தால்தான் நாளை மறுநாள் ஆய்வேடு. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் மண்ணாய்ப் போகும்.

"கொஞ்சமாக் கேட்டா கிள்ளித்தான் குடுப்பானுக. முழு மெஷினையும் கேளு" என்று நேற்று யோசனை சொன்னவரே தொட்டையன்தான். மகள் பழைய விண்ணப்பத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். புதிது போய் வால்நுனியில் நின்றது.

ஆனால் தொட்டையன் தன்மேல் தப்பிருக்கும் என்று எந்தக் காலத்திலும் சந்தேகப்பட்டதில்லை. மற்ற எல்லார் மேலும் பட்டிருக்கிறார். நேராக ஆபரேட்டர் கணேஷ்குமாரிடம் போனார்.

"பாதி மெஷினை நாலு நாளா எவனோ முழுங்கிட்டுக் கெடக்கறானாமே, எவன்யா அவன்?"

"அவனில்லண்ணா, அபூர்வா மேடம்."

"எம் புள்ளையோட வாத்தியாரம்மாவா? படிக்கற புள்ள பட்டினி கெடக்க, பரிமாற வந்தவ பந்தியில உக்காந்துட்டாளா! நிறுத்தய்யா அதை!"

"சும்மா நிறுத்தக்கூடாதண்ணா. காத்திருக்கிறவங்க எழுதிக் கொடுத்தா ஆச்சு."

தொட்டையன் கேண்டீன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இட்லி தின்னப் போன ஆராய்ச்சியாளர் ஒருவரும் கையெழுத்துப் போடாமல் உள்ளே போக முடியவில்லை. பதினொரு மணிக்கு முப்பத்திரண்டு கையெழுத்து. கணேஷ்குமார் பெருமூச்சு விட்டு ஒரு பொத்தானைத் தட்டினான். மேடத்தின் வேலை நின்றது.

காலியான பாதியில் சின்னச் சின்ன வேலைகளெல்லாம் திபுதிபுவென்று புகுந்துவிட்டன. முழு மெஷின் கேட்ட ஜோதிமணியின் வேலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"போகட்டும். அந்தம்மா கொட்டத்தை அடக்கியாச்சில்ல!" தொட்டையன் மீசையைத் தடவினார்.

அட்டெண்டர் கௌரம்மா கையில் ஒரு பெட்டியோடு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, மைசூர்பாகு எடுத்துக்குங்க. உங்க மக வேலை வரிசையில தேங்கிப்போச்சுன்னு அபூர்வா மேடம் நாலு நாளா அதைத் தன் பேர்ல ஓட்டுறாங்களாம், இன்னிக்கு நாலு மணிக்கு முடியுதாம். அதுவரைக்கும் ஜோதிமணிகிட்ட மூச்சு விடாதீங்க!"