நாற்காலி வழியாகப் போன மிசரேரே

லத்தீன் மொழியை இஞ்சு நாடாவால் அளந்து கற்றுக்கொண்டவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். இலங்கை மலையகத்து லிந்துலைக் கடைவீதியில் தையல் மெஷின் போட்டிருந்த எங்கள் லத்தீன் டெய்லர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

இளவயதில் கண்டியில் ஒரு குருமடத்தில் சாமியார்களுக்கு அங்கி தைத்தாராம். இடுப்பளவு எடுக்கும்போது நாடாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "சாமி, பூசையில இந்த வரி வருதே, அதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்பார். சொன்னால்தான் நாடா அவிழும். மெலிந்த சாமியார்கள் ஒரு வரியோடு தப்பித்தார்கள். பருத்தவர்கள் விசுவாசப் பிரமாணம் முழுவதற்கும் பொருள் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படிச் சேர்த்த அர்த்தங்களோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் பாட்டுக் குழுவுக்குத் தலைவரானார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். கட்டைக் குரல், அதனால் பின்வரிசை. மற்றவர்கள் கொழுந்து பறிக்கிறவர்கள், செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். அதுவரை நாங்கள் லத்தீனை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவந்தோம். அர்த்தம் தெரியாமல் பாடுவது பித்தான் இல்லாத சட்டை என்று டெய்லர் சீறினார்.

அவருக்கும் சறுக்கல் உண்டு. "கிரியே எலெயிசோன்" லத்தீனே அல்ல, கிரேக்கம் என்று பங்குச் சாமியார் ஒருநாள் சொல்லிவிட்டார். டெய்லர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப என்னாத்துக்கு லத்தீன் பூசையில வந்து குந்திக்கிட்டு இருக்கு?" என்று கேட்டவர் அந்த வரியோடு வெகுநாள் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. அது வரும்போது நாங்கள் பாடுவோம். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எங்கள் குழுவில் ஒரு பெரிய கவலை புகுந்தது. எங்கள் முதல் குரல் அருளாயி. அவள் புருஷன் சவரிமுத்து, கொட்டும் மழையில் மலைக்கு ஏற முடியாது என்று வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவை எதிர்த்துப் பேசிவிட்டான். தோட்ட மானேஜரான பெரிய துரை இருவருக்கும் பத்துச்சீட்டு கொடுத்து வேலையைவிட்டு நிறுத்தி, மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கைப்பிள்ளையோடு எங்கே போவார்கள்? யார் போய்க் கேட்டும் துரை அசையவில்லை.

ஒத்திகை மட்டும் நிற்கவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் துரைக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி இருக்கும். அவர் அயர்லாந்துக் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுவார். டெய்லர் அதில் ஏறி உட்கார்ந்து, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டார்.

"மிசரேரே நோபிஸ்னா எங்க மேல எரக்கம் வையுங்கன்னு அர்த்தம். இப்ப நாந்தான் கண்டாக்கு. நீங்க எல்லாம் காலம்பற பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்தி வந்துட்டீங்க. எப்படிக் கெஞ்சுவீங்களோ அப்படிப் பாடுங்க!"

பாடினோம்.

"பத்தாது! மாஸ்டர், நீங்க கெஞ்சுறீங்களா, அதட்டுறீங்களா? கையக் கட்டுங்க!"

தினமும் அந்த நாற்காலியைப் பார்த்துக் கைகட்டிக் கெஞ்சினோம். அருளாயிக்கு மட்டும் அவர் எதுவும் சொல்லித்தரவில்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை.

கிறிஸ்துமஸ் பூசை. கோயில் நிறைந்திருந்தது. கோட்டும் டையுமாகத் துரை நாற்காலியில் இருந்தார். "ஆஞ்ஞுஸ் தேயி", கடவுளின் ஆட்டுக்குட்டியே என்ற பாட்டு, தொடங்கியது. "மிசரேரே நோபிஸ்" வந்ததும், பழக்கதோஷம், மொத்தக் குழுவும் பீடத்தை விட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பிக் கைகட்டிக்கொண்டது. நானும்தான்! துரை முகம் தக்காளியாகிவிட்டது. இரண்டாம் தடவையும் அதே வரி. அருளாயியின் குரல் மேலே ஏறி நடுங்கியது. துரைக்கு அந்த லத்தீன் சின்ன வயதிலிருந்தே தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். "தோனா நோபிஸ் பாசெம்", எங்களுக்குச் சமாதானம் தாரும், என்று நாங்கள் முடிக்கும் வரை அவர் நிமிரவில்லை.

பூசை முடிந்ததும் வாசலில் டெய்லரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா டெய்லர், மிசரேரே சாமிக்கா, எனக்கா?"

"சாமிக்குத்தாங்க தொரை. ஒங்க நாற்காலி வழியா போகுதுங்க."

துரை விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார். டெய்லர், "மாஸ்டர், வாய் தவறிடுச்சுங்களே, அந்த அருளாயிப் புள்ளைய நானே வெரட்டிட்டேனே!" என்று கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கெடு முடிந்து, புது மாதத்து முதல் பெரட்டில் கண்டாக்கையா பெயர் கூப்பிட்டார். சவரிமுத்துவின் பெயரும் வந்தது. அடுத்து அருளாயியின் பெயர். பத்துச்சீட்டு ரத்தாகிவிட்டது.

அந்த ஞாயிறு பூசையின் கடைசியில் "தேயோ கிராசியாஸ்" பாடினோம். கடவுளுக்கு நன்றி என்று அர்த்தம். அருளாயி அதைப் பீடத்தைப் பார்த்துப் பாடவில்லை. இடுப்பில் பிள்ளையோடு டெய்லரையே பார்த்துப் பாடினாள்.

"அங்க பாரு ஆத்தா, பீடத்தப் பாரு!" என்று அவர் கிசுகிசுத்துக் கையை வீசினார். அவள் திரும்பவில்லை. பின்வரிசையிலிருந்த நானும் அவரைத்தான் பார்த்தேன். மெல்ல ஒவ்வொருவராக எல்லோரும் அவர் பக்கம் திரும்பிவிட்டோம். அத்தனை அர்த்தம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு, நாங்கள் பாடியது முழுவதும் அன்றைக்குப் புரிந்துவிட்டது.