ஐந்துக்குப் பாதி மூன்று

அன்புள்ள தம்பி மொரிஹிகோவுக்கு,

மழைக்காலம் பிடித்து ஒரு வாரமாக இங்கே துணி காயவில்லை. வேலியோரத்து நீலப் பூக்கள் மட்டும் கொழுத்து நிற்கின்றன. ஒதாருவில் அவ்வளவு மழை இராது, நீயும் வீட்டாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்காலைத் தவிர நாங்களும் சுகம்.

நீ எடுத்த கலங்கரை விளக்கப் படங்களை இணையத்தில் ஏற்றியிருப்பதாகவும், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போடும்படியும் எழுதியிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு போட்டு நான் பட்ட பாடு போதும்.

சோயா சாஸ் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் ஓர் இணையக் கதைத் தளத்தில் எழுதிவரும் குதிரைவீரன் கதையை ஈ கூட எட்டிப் பார்த்ததில்லை. போன மாதம் 'நாரை' என்ற புனைபெயரில் யாரோ அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இந்த ஊரில் நாரை மாதிரி கழுத்து உள்ளவர் யார்? பக்கத்து வீட்டு ஒரிகாசா, ஓய்வு பெற்ற பல் டாக்டர்தான். அவரும் அதே தளத்தில் துப்பறியும் நாவல் எழுதுகிறார். உடனே ஒரு பெட்டி இனிப்போடு போய், உங்கள் அன்புக்கு நன்றி என்றேன். அவர் குனிந்து, தான் ஒன்றுமே செய்யவில்லையே என்றார். ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்கிறவர்தான் செய்தவர் என்பது நம்மூரில் குழந்தைக்கும் தெரியும். அப்புறம் பதில் மரியாதை செய்யாமல் இருக்க முடியுமா? வந்த பரிசில் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்வதுதானே முறை. முழுதாகத் திருப்பினால் உன் உறவே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி. ஐந்தில் பாதி இரண்டரை. அந்தத் தளத்தில் அரை நட்சத்திரம் கிடையாது. கஞ்சத்தனம் கூடாது என்று தாராளமாக அவர் நாவலுக்கு மூன்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பொதுக் குளியலறையில் டாக்டர் என்னைக் கண்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி மூலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வருடமாக நான் அவர் முதுகையும் அவர் என் முதுகையும் தேய்த்து வந்திருக்கிறோம். விசாரித்தால், என் மூன்றினால் அவருடைய சராசரி நான்குக்குக் கீழே இறங்கி, தளம் நடத்தும் போட்டியிலிருந்தே நாவலைத் தள்ளிவிட்டார்களாம். மரியாதை செய்யப் போய் மனுஷனின் புத்தகத்தையே கவிழ்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து புலம்பினால் உன் அண்ணி ஃபுமியே வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே, "அது கிடக்கட்டும், நீங்க அதைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். இந்த மாதிரி கேள்விகளை அவள் முன்கூட்டியே கேட்பதில்லை.

படித்தேனப்பா. கதையில் சாகிறவர்கள் எல்லோருக்கும் சொத்தைப் பல். நல்ல பல் உள்ளவன் ஒருவன்தான், ஆகவே கொலைகாரன் இரண்டாம் அத்தியாயத்திலேயே இளித்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் பதினோராம் அத்தியாயத்தில் மனைவியை இழந்த துப்பறிவாளர் தனியாகக் குளிக்கப் போய், முதுகுக்குக் கை எட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து, மனசாட்சியைத் தொட்டுக் கணக்குப் போட்டால், பாழாய்ப்போன அதே மூன்றுதான் வருகிறது.

வேறு வழியில்லாமல் குளியலறைக்குப் போய் மூலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னே போட்ட மூன்று மரியாதைக்கு, இப்போது சொல்லும் மூன்று படித்துவிட்டு என்றேன். அவர் முகத்துச் சோப்பு நுரையை வழித்துவிட்டுத் திரும்பினார்.

"சுகாயா சார், நான் முப்பது வருஷத்துல ஒருத்தர் வாயையும் திறந்து பாக்காம பல்லைப் பிடுங்கினதில்ல. நீங்க பிடுங்கிட்டு அப்புறமா பாத்திருக்கீங்க."

"தப்புதான் டாக்டர். பதினோராம் அத்தியாயத்துல அழுதுட்டேன்."

"மூணு போதும், போங்க. அந்த அத்தியாயத்தை யாராவது படிக்கணும்னுதான் மத்ததெல்லாம் எழுதினேன்" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டினார். அன்றே என் கதையையும் படித்து இரண்டு நட்சத்திரம் போட்டார். குதிரைகள் அதிகம் பேசுகின்றனவாம். வயிறு எரிந்தது, ஆனாலும் நியாயமான இரண்டு.

ஆகவே தம்பி, உன் படங்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். எது வந்தாலும் மனம் கோணாதே. பார்க்காமல் போடுகிற ஐந்து பொய்ச்சாட்சிக்குச் சமம். இரவுக் குளிரில் வயிற்றைத் திறந்து போட்டுத் தூங்காதே. எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்,
தமொட்சு

பி.கு.: உறையை ஒட்டும்போது ஒரு சந்தேகம் வந்து தளத்தைத் திறந்து பார்த்தேன். டாக்டரின் இரண்டு ஒரு பக்கம் இருக்க, நாரையின் ஐந்து அப்படியே நிற்கிறது. அப்படியானால் நாரை டாக்டர் இல்லை. ஃபுமியேவிடம் கேட்டால், நாரை அவளேதானாம். கதையைப் படித்தாயா என்றேன். "முதல் பக்கத்துலயே குதிரை பேச ஆரம்பிச்சுது, மூடி வச்சுட்டேன். பாவமா இருந்துச்சு, போட்டேன்" என்கிறாள். நான் மேலே எழுதியதைப் படித்துக் காட்டியதும் வெட்கப்பட்டு, இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.