தாம்பாளத்தில் வந்த நோட்டீஸ்

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு சர்க்கார்களும் இழுத்துக்கொண்டிருந்த காலம். பிச்சாட்டூர் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவா, மதராஸா என்று ஜனங்களையே கேட்டுவிட மேலிடம் தீர்மானித்தது. வெள்ளிக்கிழமை மாந்தோப்பு முகாமுக்கு வந்து அபிப்பிராயம் சொல்லும்படி நோட்டீஸ் அச்சானது. ஊரில் இருப்பது நாற்பது வீடு. வந்து இறங்கியது மூன்று மூட்டை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நோட்டீஸ் மிச்சம் இருந்தாலும் உன் வேலை போச்சு" என்றார் முகாம் ஆபீசர் ரங்கையா, தலையாரி துலுக்காணத்திடம். அவன் பயந்துபோய் வாசல் வாசலாக வீசிக்கொண்டு போனான். இந்திராணி வீட்டு வாசலில் வீசியது ஈரக் கோலத்தில் ஒட்டிக்கொண்டது.

"யாரைக் கேட்டுக்கினு என் வாசல்ல போட்ட?"

"சர்க்கார் நோட்டீஸ்மா."

"சர்க்காரா வந்து கோலம் போட்டுச்சு? எடு முதல்ல!"

இந்த நியாயம் தெருவுக்கே பிடித்துப்போனது. மத்தியானத்துக்குள் அத்தனை நோட்டீசும் முகாமுக்குத் திரும்பின. அனுமதியின்றித் தனியார் வாசலில் காகிதம் இடுதல் தர்மமா என்று ரங்கையா ஆழ்ந்து ஆலோசித்தார். நடுவில் இரண்டு முறை காபி வந்தது.

"ஏமய்யா, இந்த ஊர்ல உள்ளே கூப்பிட்டு வாங்கிக்கிற காகிதம் ஏதாவது உண்டா?"

"கல்யாணப் பத்திரிகை இருக்குது சார். தாம்பாளத்துல வெத்தல பாக்கு, மஞ்ச குங்குமம் வெச்சுக் குடுப்பாங்க."

"அப்படியே கொடு!"

மறுநாள் துலுக்காணம் தாம்பாளத்தோடு போனான். மறுத்த வீடு ஒன்றில்லை. படித்த வீடும் ஒன்றில்லை. என்றைக்கு, எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒன்று போக, மூட்டை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஊரே இருக்கிற பட்டுத்துணியெல்லாம் உடுத்திக்கொண்டு, பாகாலா ஊர் உறவுக்காரர்களையும் அழைத்துக்கொண்டு, மாந்தோப்பில் வரிசையாக உட்கார்ந்தது. இந்திராணி கல்யாணச் சீராகப் பித்தளைக் குடமே கொண்டுவந்திருந்தாள்.

"உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்றார் ரங்கையா.

"அதெல்லாம் அப்புறம். எலை எப்போ போடுவீங்க?"

"சாப்பாடு கிடையாதம்மா. இது விசாரணை."

"வெத்தல பாக்கு வெச்சு அழைச்சுட்டு சோறு இல்லியா? எழுந்திருங்க எல்லாரும்!"

ஊர் எழுந்தால் முகாம் காலி என்று அறிக்கை எழுத வேண்டிவரும். ஆகவே பந்தல் செலவுக்கு வந்த பணம் பாயசமாக மாறியது. பாயசத்தைப் பற்றி எல்லாரும் தெளிவாக அபிப்பிராயம் சொன்னார்கள்: இனிப்பு போதாது. எந்த ராஜ்யம் என்று கேட்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கை கழுவிவிட்டு இந்திராணி நின்றாள். "தாம்பூலம்?"

வெற்றிலை இருந்தது, தேங்காய் இருந்தது, மடிக்கத்தான் காகிதம் இல்லை. ரங்கையா துலுக்காணத்தைப் பார்த்தார். துலுக்காணம் மூட்டையைப் பார்த்தான்.

தேங்காய் கிழிக்காமல் இருக்கப் பத்துப் பத்தாக வைத்து மடித்ததில் ஒரு நோட்டீஸ் மிச்சமில்லை. வேலை பிழைத்தது. வராத புருஷனுக்கு, வராத மாமியாருக்கு, வராத நாத்தனாருக்கு என்று இந்திராணி மட்டும் நாலு தாம்பூலம் வாங்கிக்கொண்டாள். 'பொதுமக்கள் தாமே விரும்பி நோட்டீசுகளை இல்லங்களுக்கு எடுத்துச் சென்றனர்' என்று ரங்கையா அறிக்கை எழுதினார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

பிற்பாடு எல்லையை மேலேயே முடிவு செய்துவிட்டார்கள். "எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று இந்திராணி தெருவில் நின்று கொதித்தாள். ஊரே அவளோடு கொதித்தது, நானும்தான்.

அப்படிக் கேட்ட காகிதம் எங்கள் எல்லார் வீட்டு அலமாரியிலும் விரிந்து கிடக்கிறது. மேலே உப்பு ஜாடி இருக்கிறது.