பதினாலாம் நம்பர் பேஷன்ட்

டில்லியில் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் எங்கள் ஊர் நர்ஸ் சிஸ்டர்தான். இதை எவன் கேட்டாலும் அடித்துச் சொல்வேன்.

எனக்குப் படிப்பு கிடையாது. பாளையங்கோட்டையில் மூன்றாம் கிளாஸோடு சரி. ஆனாலும் இங்கே யுனிவர்சிட்டியின் மொழி லேபில் பூட்டுத் திறப்பதும், இருபது கம்ப்யூட்டருக்கும் ஸ்விட்ச் போடுவதும் என் வேலையாக இருந்தது. அதற்கு முன்னால் கேன்டீனில் டீ போட்டேன். அந்த டீயைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு. கரோல் பாக் ஆஸ்பத்திரி ஒன்றில் டூட்டியை முடித்து, மெட்ரோவில் நின்றுகொண்டே வருவாள் சிஸ்டர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தயாராக வைத்திருந்தது. பேச்சுப் பரீட்சையில் எழுபது மார்க் வாங்கினால் போதும். நோயாளியிடம் விசாரிப்பதுபோல் மைக்கில் பேச வேண்டும்; கம்ப்யூட்டரே கேட்டு மார்க் போடும். இரண்டு தரம் பேச்சு வராமல் பரீட்சையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். மூன்றாவதும் போனால் வேலை வேறு ஆளுக்கு.

"ஆளே இல்லாம பெட்டிகிட்ட என்னத்த விசாரிக்க அண்ணாச்சி?" என்றாள்.

மறுநாள் ஒரு அட்டையோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் காலடியில் தொங்குமே, அந்த மாதிரி. பதினாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் அவளுடைய நோயாளி. போகும்போது, டூட்டி மாற்றிவிடுவதுபோல் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். "ஃபேன் இரைக்கு. ராத்திரி தூங்கட்டும், எழுப்பாதீங்க." நானும் தலையாட்டிவிட்டு ஸ்விட்சை அணைப்பேன்.

டில்லி ஜனவரி உங்களுக்குத் தெரியும். பதினாலு மெதுவாக ஓடுகிறது என்று தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். சூடு வெளியேற வழியில்லாமல் அரை மணியில் அது மூச்சை நிறுத்திக்கொண்டது. சிஸ்டர் சால்வையை உருவி, நோட்டால் விசிறி, பதினஞ்சு நிமிஷத்தில் பிழைக்க வைத்தாள். அட்டையிலும் எழுதினாள்.

பேச ஆரம்பித்தால் வார்டுக்குரல். மூன்றாம் மாடிக்குக் கேட்கும். பக்கத்து சீட் பையன்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மைக்கிலும் இவள் குரல் விழுந்து, பயிற்சியில் எல்லாருக்கும் எழுபத்தைந்து மார்க் வரும். பதிமூன்றாம் சீட்டுக்குத் தினமும் தள்ளுமுள்ளு.

பரீட்சை அன்று கதவைத் திறந்தால் பதினாலைக் காணோம். முந்தின நாள் என் லீவில், பழசையெல்லாம் குடோனுக்கு அனுப்பிவிட்டு, அப்பளம்போல் புதுசு இருபதை வைத்திருந்தார்கள். சிஸ்டர் பதினாலாம் சீட்டில் உட்கார்ந்தாள். அட்டை கட்ட இடமில்லை. அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மைக் காத்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என் பேஷன்ட் எங்க அண்ணாச்சி?"

நான் மேற்பார்வை மேடத்திடம் ஓடி, பக்கத்தில் சும்மா உட்காரலாமா என்று இந்தியில் கேட்டேன். எனக்கு ஜெர்மன் தெரியுமா என்று அவர் விசாரித்தார். நமஸ்தேயைக்கூட ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியாது என்றேன். "அச்சா, பைட்டோ" என்று உட்காரச் சொன்னார். வாழ்க்கையில் ஒன்று தெரியாததால் எனக்கு வேலை கிடைத்தது அன்றுதான்.

அந்த அப்பளத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது, மைக்குக்கு எட்டவில்லை. நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். வார்டே எழுந்து வந்தது. எங்கே வலி, எப்போதிலிருந்து, மலச்சிக்கல் உண்டா, எல்லாம் ஜெர்மனில் கேட்டிருப்பாள் போல. முகத்தைப் பார்த்தே நான் எல்லாவற்றுக்கும் முனகினேன். எண்பத்தொன்று வந்தது.

வெளியே வந்ததும் அவள் சந்தோஷப்படவில்லை. என் காதைத்தான் பார்த்தாள். "காது கேக்காதுன்னு இத்தன நாளா சொல்லவே இல்லையே அண்ணாச்சி." கண் கலங்கியிருந்தது. மறுத்தால் மனசு கோணுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வருகிறாள். நான் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பது லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்கிறாள் மருமகள்.

எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது. அதை மட்டும் சிஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.