மாவு டின்னில் பத்துத் தோட்டா

“தோட்டாவத் துப்பாக்கியோட ஒரே பீரோவுல வெச்சா இன்னா?” என்று கேட்டாள் அமுதம்.

“வெக்கக் கூடாது, சட்டம். துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல. சேந்து இருந்தாதான் ஆபத்து. தனித்தனியா இருந்தா ரெண்டுமே சாது.”

“நமக்குக் கல்யாணம் பண்ணி வெச்சப்ப இத யாருமே சொல்லலியே.”

சிங்காரவேலு பீரோவைப் பூட்டப் போய்விட்டார். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவருக்கு எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரியும்.

பட்டாளத்திலிருந்து வந்து, கரிக்கலாம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, வில்லியனூரில் ஒரு நகைக் கடன் கம்பெனி வாசலில் சொந்தத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதுதான் இப்போது அவர் உத்தியோகம். துப்பாக்கி இருந்தால் வேலை, லைசென்ஸ் இருந்தால் துப்பாக்கி. அந்த லைசென்ஸைப் புதுப்பிக்கும் விஷயமாக சனிக்கிழமை சாயங்காலம் எஸ்.ஐ. போன் செய்திருந்தார்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வூட்டுக்கு வரேன். துப்பாக்கி எங்க, தோட்டா எங்கன்னு கண்ணால பாத்துட்டுதான் எழுதுவேன்.”

வீட்டில் பூட்டுள்ள பீரோ ஒன்றே ஒன்று. அதில் துப்பாக்கி சொகுசாகப் படுத்திருந்தது. பத்துத் தோட்டாக்கள் மட்டும் சட்டப்படி வீடில்லாமல் நின்றன.

சாமி அலமாரியைத் திறந்தார்.

“அம்மன் பக்கத்துல குண்டு வெப்பீங்களா? மொதல்ல கன்னத்துல போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

“அதுல என் பட்டுப்பொடவ இருக்குது. வெடிச்சா வாங்கித் தருவீங்களா?”

“அதுவா வெடிக்காதுடி.”

“நீங்களாவும் வாங்கித் தர மாட்டீங்க. எடுங்க வெளிய.”

அமுதம் சீரியல் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. சமையலறை மூலையில் கேழ்வரகு மாவு டின் இருந்தது. ஈரம் புகாத, கொண்டி வைத்த கெட்டியான டின். கைக்குக் கிடைத்த மஞ்சள் துணியில் பத்துத் தோட்டாவையும் முடிந்து, மாவுக்கு அடியில் முழங்கை வரை விட்டுப் புதைத்து, ஒரு சின்னப் பூட்டைப் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அமுதத்திடம் சொல்லவில்லை. இடம் வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. கையெல்லாம் மாவாக வந்து சீரியல் பார்க்க உட்கார்ந்தவரை அமுதம் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஒரு யோசனை வந்தது. இவ்வளவு சின்னப் பூட்டைப் பார்த்து எஸ்.ஐ. சிரித்துவிட்டால்? வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கைப்பிடி அளவுக்கு ஒரு பூட்டும், எஸ்.ஐ.க்காகக் கால் கிலோ மிக்சரும் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குத் திரும்பினார். பூட்டு இருந்தது, மிக்சர் இருந்தது, டின் இல்லை.

“அமுதம்! டின்னு எங்க?”

“கோயிலுக்குக் குடுத்துட்டேன். ஆடிக் கூழுக்கு மாவு பத்தலன்னு வந்து கேட்டாங்க. பூட்டி இருந்துச்சு, சாவியக் காணோம். அங்கயே ஒடைச்சிக்குங்கன்னு டின்னோட தூக்கிக் குடுத்தேன். அது சரி, மாவுக்கு எதுக்குங்க பூட்டு? நான் இன்னா திருடித் துன்னுடுவேனா?”

சிங்காரவேலு ஓடினார். ஸ்கூட்டர் வாசலில் நின்றது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

மாரியம்மன் கோயில் வாசலில் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாவில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய டின் பூட்டு உடைந்து, காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. விழாக் கமிட்டித் தலைவர் சுப்புராயன் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இந்த டின்னு மாவ யாரு கொட்டுனது?”

“அம்சவள்ளி. கொட்டிட்டு முருங்கக்கீர ஒடைக்கப் போயிருக்குது. ஏம்பா இப்படி மூச்சு வாங்குது?”

“மாவுல வேற ஏதாச்சும் இருந்துச்சா?”

“மாவுல மாவுதாம்பா இருக்கும்.”

தோட்டா என்று வாய்விட்டுச் சொன்னால் நாற்பது பேர் கேட்பார்கள், நாற்பத்தோராவது ஆளாக எஸ்.ஐ. கேட்பார். அன்றோடு லைசென்ஸ் போய்விடும். கொதிக்கிற தண்ணீரின் சூட்டுக்குத் தோட்டா வெடிக்காது என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் சொல்லிக்கொடுத்தவர் கூழ் காய்ச்சியவர் இல்லை. அடிப்பிடித்த அண்டாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

“துடுப்பக் குடுங்க, நான் கிண்டறேன்!”

பிடுங்கிக்கொண்டு அடி வரைக்கும் விட்டுத் துழாவினார். துணி மூட்டை எதுவும் தட்டுப்படவில்லை. மேலும் வேகமாகத் துழாவினார். கூழ் நாலு பக்கமும் தெறித்தது.

“இன்னா பக்தி பாரு!” என்றார் மாரிமுத்து. அவர் கோயிலில் எது காய்ச்சினாலும் முதல் ஆளாக வந்து ருசி பார்ப்பவர். அன்றைக்கும் ஒரு சொம்பு முடித்திருந்தார்.

துழாவிப் பயனில்லை என்றதும் சிங்காரவேலு விறகை உருவத் தொடங்கினார். அவர் ஒரு கட்டையை உருவினால் சுப்புராயன் இரண்டைச் செருகினார்.

“தீ ஜாஸ்தி, அடிப்பிடிச்சிடும்!”

“இருபது வருஷமா நான் காய்ச்சறேன், நீ எனக்குச் சொல்றியா?”

கட்டையின் ஒரு முனையை இவரும் மறுமுனையை அவரும் பிடித்து இழுக்க, பம்பைக்காரர் உற்சாகமாகி அதற்குத் தோதாக அடிக்க ஆரம்பித்தார். வேறு வழி தெரியாமல் சிங்காரவேலு ஒரு பொய்யைச் சொன்னார்.

“பல்லி! கூழுல பல்லி வுழுந்துடுச்சி!”

பம்பை நின்றது. மாரிமுத்து தன் சொம்பைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். “யம்மா!” என்று அலறிப் படுத்துவிட்டார். அதுவரை கல் போல இருந்தவருக்குக் கண் சொருகியது, நாக்கு உள்ளே இழுத்தது. ஒருவர் 108-க்குப் போன் செய்தார். ஒருவர் கூழைக் கொட்டக் குழி தோண்டினார். விரதம் இருந்த பெண்கள், அம்மன் கூழையா மண்ணில் கொட்டுவீர்கள் என்று குழியை மூடினார்கள். அவர் தோண்ட, இவர்கள் மூட, குழி ஒரு சாண் கூட இறங்கவில்லை.

அப்போது பார்த்து ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். பின்னால் புதுச்சேரிப் போலீஸின் சிவப்புத் தொப்பியோடு கான்ஸ்டபிள், அவருக்குப் பின்னால் அமுதம்.

“மணி பத்தாச்சு. வூட்டுல துப்பாக்கியப் பாத்துட்டேன், சரியா இருக்குது. தோட்டா எங்க சிங்காரவேலு?”

சிங்காரவேலு மாரிமுத்துவைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஆள் நிஜமாகவே செத்துவிடுவார் போலிருந்தது.

“மாரிமுத்தண்ணே, எழுந்திரு. கூழுல பல்லி இல்ல.”

மாரிமுத்துவின் ஒரு கண் திறந்தது. “பின்ன?”

“தோட்டா.”

அடுத்த நொடி கோயில் வாசலில் எஸ்.ஐ., கான்ஸ்டபிள், சிங்காரவேலு தம்பதி, அண்டா மட்டுமே மிச்சம். சாகக் கிடந்த மாரிமுத்துதான் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பம்பைக்காரர் பம்பையோடு குளத்தில் இறங்கிக் கழுத்தளவில் நின்றார்.

கான்ஸ்டபிள் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்.

“வடிகட்டுங்க. முழுசா வடிகட்டுங்க” என்றார் எஸ்.ஐ.

“எதுல சார்?”

எஸ்.ஐ.யின் பார்வை சிங்காரவேலுவின் வேட்டியில் நின்றது. சலவை வேட்டி, அகலமான எட்டு முழம்.

அரை மணி நேரம், கோடு போட்ட டிராயரோடு நின்று, ஊர்க் கூழ் முழுவதையும் தன் வேட்டியில் வடிகட்டினார் சிங்காரவேலு. குண்டு வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஊர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வேடிக்கை பார்த்தது. வேட்டியில் நொய் வந்தது, கட்டி தட்டிய மாவு வந்தது, யாரோ தொலைத்த கரண்டி ஒன்று வந்தது. தோட்டா வரவில்லை.

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். “இத நான் எப்படி எழுதறது? தொலைச்சிட்டாருன்னுதான் எழுதணும். லைசென்ஸும் போவும், கேஸும் வரும்.”

சிங்காரவேலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளைக்குக் கம்பெனி வாசலில் வேறு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். சீருடை போட்டுக்கொண்டு கிளம்பும்போது தெருவில் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். அது ஒன்றுதான் அவருக்கு இருந்த பெருமை.

அமுதம் முன்னால் வந்தாள். நேற்றிலிருந்து கிண்டல் செய்துகொண்டிருந்தவளின் குரல் உடைந்திருந்தது.

“சார், அவரு பொத்திப் பொத்திதான் சார் வெச்சாரு. எங்கிட்டகூடச் சொல்லல. நாந்தான் தெரியாம எடுத்துக் குடுத்துட்டேன். எழுதறதா இருந்தா எம்பேர எழுதுங்க.”

சிங்காரவேலு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். டிராயரோடு நிற்பதுகூட அந்த நேரத்தில் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எஸ்.ஐ.யும் மனிதர்தானே. பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “அம்மா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். தோட்டா, துப்பாக்கி இருக்கற எடத்துல இல்லாம, வேற எடத்துல, வேற யாரும் கை வெக்க முடியாதபடி பூட்டி பத்திரமா இருக்குதுன்னு இந்த ஊருல ஒருத்தர் சொல்லட்டும். இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

ஊரே தரையைப் பார்த்தது.

தலையில் முருங்கைக்கீரைக் கட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் அம்சவள்ளி. வடிகட்டிய கூழையும் வேட்டியில்லாத சிங்காரவேலுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ கொட்டுன மாவுல தோட்டா இருந்துச்சாம்” என்றார் சுப்புராயன், ஈனக் குரலில்.

“அய்யே, அதுங்களா?” என்றாள் அம்சவள்ளி, கீரைக் கட்டை இறக்கிக்கொண்டே. “மஞ்சத் துணியில முடிஞ்சி, பித்தளையில சின்னச் சின்ன வேலு மாதிரி இருந்துச்சா, யாரோ நேந்துக்கிட்ட காணிக்கைன்னு பத்தையும் அப்பவே அம்மன் உண்டியல்ல போட்டுட்டேனே! மூணு பூட்டு, மூணு பேராண்ட சாவி, அடுத்த ஆடிக்குத்தான் தொறப்பாங்க!”